சரிபாதி

பிளாஸ்டிக் அடுக்கு வேண்டாம், வேர்க்கும் என்றேன்.
மரப்பெட்டி ஒழுகும், கீழ்வீட்டு ஊர்மஸ்
சண்டைக்கு வருவார் என்றாள் லீவி.
மூன்றாம் மாடி. அவள் சொன்னதையே வாங்கினோம்.

முதல் வாரம் வெள்ளரிக்காயாய்க் கொட்டினோம்,
பசித்திருக்கும் என்று.
காலையில் மூடியின் அடிப்புறமெங்கும் புழுக்கள்,
வெள்ளத்தில் கூரையேறியவர்கள் போல.
ஒன்று குளியலறைத் தரையில்
காய்ந்த நூலாய்க் கிடந்தது.
அதன் பிறகுதான் முட்டை அட்டையைக் கிழித்து
நனைத்துப் பிழியக் கற்றோம்.
ஒரு சொட்டு விழலாம். ஓடக் கூடாது.

தாலின் நகரம் மைனஸ் பதினெட்டைத் தொட்ட இரவு
பால்கனியிலிருந்து தூக்கிவந்து
மேலங்கிகளுக்குக் கீழே வைத்தோம்.
மூடியில் காதை வைத்து
"சாப்பிடுகிறார்கள்" என்றாள்.
அன்று வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச்சில் பிரிந்தோம்.
சோபா அவளுக்கு, கெட்டில் எனக்கு.
புழுவை எப்படி எண்ணுவது?

மேசைவிளக்கின் கீழே கொட்டிக் குவித்தோம்.
வெளிச்சம் பட்டால் உள்ளே இறங்கும்.
மேல் எருவை வழித்தெடு, பொறு.
மறுபடி இறங்கும், மறுபடி வழி.
நள்ளிரவில் எஞ்சியது
ஒன்றையொன்று விடாத சிவப்பு உருண்டை.
லீவி கரண்டியோடு குனிந்தாள்.
கை நின்றுவிட்டது.
நான்தான் பிரித்தேன், விரலால், கண்திட்டமாக.

ஐஸ்கிரீம் டப்பாவில் அவள் பங்கு.
கூடவே பழைய எரு ஒரு பிடி,
புது இடம் பிடிபட.
நான்காம் எண் டிராமில்
மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

நேற்று குறுஞ்செய்தி:
எலுமிச்சைத் தோல் போடலாமா?
கொஞ்சமாய், என்று எழுதினேன்.
அப்புறம் யோசித்து,
வெங்காயம் வேண்டாம், என்றும்.