காஜா மெஷின்

போன வியாழன் மூன்றே நிமிடம்.
குமிழை நசுக்கினேன், வெளியே இழுத்தார்கள்.
பணமும் போச்சு, லீவும் போச்சு என்று
காரில் வாயே திறக்கவில்லை சத்தியசீலன்.
சாட்ஸ்வொர்த் ஏற்றத்தில் மட்டும்
"அடுத்த தடவை கண்ணை மூடிக்கோ" என்றார்,
கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

இன்று அதே டர்பன், அதே அடித்தளம்.
தாலியைக் கழற்றி
மூத்திரம் பிடிக்கிற புது டப்பியில் போட்டேன்.
மூடிமேல் என் பெயரை எழுதினாள் தண்டேக்கா,
பிழையோடு. திருத்தவில்லை.
கேட்க வேண்டியது வேறு இருந்தது:
"நடுவில் லோட் ஷெடிங் வந்தால்?"
அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே பிடித்துப்போனது.
ஜெனரேட்டர் இருக்கும் திசையைக் காட்டினாள்.
அதுவும் படுத்தால்
பலகையைக் கையாலேயே இழுத்துவிடுவேன் என்று
ஒருமுறை இழுத்தும் காட்டினாள், வெறும் பலகையை.

சொல்லியிருக்கலாம் அவளிடம்,
தொண்ணூற்றெட்டில், சட்டைக் கம்பெனியின் சரக்கு லிஃப்டில்
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
நாற்பது கட்டு காலரோடு நான் நின்றதை.
இருட்டில் துணியின் கஞ்சி வாசனை
மூக்கில் இறங்கி, தொண்டையில் இறங்கி...
சொல்லவில்லை. படுத்தேன்.

முகத்துக்குக் கூண்டு. காதுக்கு அடைப்பு.
நெற்றிக்கு மேலே ஒரு சாண் வெள்ளை.
முதலில் என் நெஞ்சுதான் சத்தம் போட்டது.
பிறகு அது ஆரம்பித்தது.
டக்டக்டக்டக்
எனக்குத் தெரியுமே இதை!
ஓவர்லாக். ஊசி மழுங்கிய ஓவர்லாக்.
நின்று, பெருமூச்சு விட்டு,
டுர்ர்ர் டுர்ர்ர் என்று இன்னொன்று:
பாக்கெட் மூலைக்குத் தையல் போடுவது, ஜுபைதாவுடையது.
அப்புறம் இடைவிடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு,
என் காஜா மெஷின்.

"பெஃபுமுலா, மா" என்றாள் தண்டேக்கா காதுக்குள்.
மூச்சு விடு என்கிறாள்,
இருபத்தாறு வருஷம் மெஷினோடு மூச்சு விட்டவளிடம்.

சட்டைக்கு ஏழு காஜா.
எண்ணினேன். பதினோரு சட்டை முடிந்தது.
பன்னிரண்டாவதில் மூக்கு அரித்தது.
அரிப்பு வளர்ந்து வளர்ந்து லிஃப்ட் ஆனது.
குமிழ் உள்ளங்கையில் வியர்த்தது.
பாதி அமுக்கினேன்.
பாதிதான்.

பயம் போகவில்லை, சொல்லிவிடுகிறேன்.
பக்கத்து மெஷினில் வந்து உட்கார்ந்து
அதுவும் காஜா போட்டது.

பத்தொன்பதாம் சட்டையில் வெளிச்சம்.
டப்பியைத் திறந்து, தாலியை மாட்டுமுன்
கழுத்தைத் தடவிக்கொண்டேன். லேசாக இருந்தது.
வெளியே சத்தியசீலன் எழுந்து நின்றார்.
"கண்ணை மூடிக்கிட்டியா?"
ஏழு பத்தொன்பது எவ்வளவு என்று
மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.