பத்தொன்பது கிராம்

பெருமாநல்லூர் ரோட்டு நிட்டிங் கம்பெனி.
மாடியில் டிசைன் ரூம்.
போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை.

"மூணு தடவை தானா ஆஃப் ஆயிருச்சுங்க்கா"
என்றான் மேகநாதன்.
ஸ்கிரீனில் பாதி டைனோசர்.
எந்த நாட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கோ
வால் மட்டும் இன்னும் வரவில்லை.
காலையில் பிரிண்டிங்குக்குப் போயாக வேண்டும்.

தொண்ணூற்றேழு டிகிரி.

மூன்று வருஷம் முன்பு மாட்டிக் கொடுத்தது நான்.
வெளிக்காற்று நேராக வரட்டுமென்று
ரேடியேட்டரை முன்பக்கம் வைத்தேன்.
புத்தகப்படி சரி.
திருப்பூர்ப்படி தப்பு.

கழற்றினால் பஞ்சு.
கம்பளி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது.
மேலே கிரே மெலாஞ்ச்,
அதற்கடியில் நேவி,
ஆக அடியில்
போனஸ் சண்டை நடந்த வருஷத்து ரோஸ்.
எந்த ஆர்டர் எப்போது ஓடியதென்று
கணக்குப்பிள்ளையைக் கேட்க வேண்டியதில்லை.

பம்பின் தலையில் காய்ந்த சந்தனப்பொட்டு.
ஆயுத பூஜைக்குத் துடைத்தவர் யாரோ
நடு விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்.
இரண்டு உள்ளே ஊத,
ஒன்று வெளியே ஊத,
வரப்புத் தகராறில் மூன்று பங்காளிகள்.

விசிறியைத் திருப்பினேன்.
பஞ்சை வழித்தேன்.
தொண்ணூற்று மூன்று.

ஒரு குழாய் சுட்டது.
பக்கத்துக் குழாய் சில்லென்று இருந்தது.
தண்ணீர் இருக்கிறது, ஓட்டம் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் முனையைப் பம்பில் வைத்து
பிடியைக் காதில் வைத்தேன்.
களக். களக்.
கொஞ்சம் நிறுத்தி, களக்.

"குடுங்க பாக்கலாம்" என்று
அவனும் காதைக் கொடுத்தான்.
காங்கயம் பக்கத்துக்காரன்,
ஆயிரத்து இருநூறு அடி போர் இருக்கும் வீடு.
"அட, காத்தடிக்குதுங்க்கா!"

அதேதான்.
குழாய் வாய் மேலே பார்க்க மாட்டியதும் நான்தான்.
உச்சியில் சேர்ந்த காற்று
அழையாத ஒறம்பரையாகக் குழாயிறங்கி
பம்புக்குள் பாய் விரித்திருக்கிறது.

கேபினெட்டைச் சாய்த்தோம்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
உள்ளே எதுவோ உருண்டு மேலேறியது.
பிறகு சத்தமே இல்லை.
எண்பது, எழுபத்திரண்டு,
அறுபத்தொன்று.

சாய்ந்தபடியே நிற்க
ஒரு பக்கம் இரண்டு நூல் கோனை முட்டுக் கொடுத்தோம்.
கீழே மெஷின்கள் ஷிஃப்ட் மாறின.
இரண்டு மணிக்கு வால் வந்தது,
நுனியில் ஒரு சின்ன வளைவோடு.

"இனி ஓடும்ல?"
ஓடும்.
"எத்தனை நாளைக்குங்க்கா?"
டீக் கிளாஸை இரண்டு தடவை திருப்பி வைத்தேன்.
பெட்டியில் ஐந்து வருஷம் என்று போட்டிருந்தது.
பெட்டி போட்டவர் இந்த ரூமைப் பார்த்ததில்லை.

விடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு
கடையிலிருந்து எடுத்துவந்த
அலுமினியக் கோபுரம் ஒன்றை நிறுத்தினேன்.
ஒரே ஒரு விசிறி.
அது நின்றால் நின்றது கண்ணுக்குத் தெரியும்.
கொஞ்சம் இரைகிறது,
நிட்டிங் கம்பெனியில் அதை யார் கேட்கப் போகிறார்கள்.

சந்தேகம் மட்டும் போகவில்லை.
மதர்போர்டைத் துடைத்த டிஷ்யூ
காய்ந்தேதான் வந்தது.
எந்த மூட்டிலும் ஈரமில்லை, கறையில்லை.

பல்லடத்து வேலைக்கு வாங்கிய
அதே மாடல் புதிது ஒன்று என் பையில் இருந்தது.
கோன் நிறுக்கும் தராசில்
விசிறி நீக்கி இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தேன்.
மூன்று முறையும் அதே கணக்கு,
பழையது பத்தொன்பது கிராம் குறைவு.

மூன்று கோடை.
ரப்பர் வழியாக,
ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

மேகநாதன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எங்க போர்லயும் இப்படித்தானுங்க்கா,
போறது தெரியவே தெரியாது."

மார்க்கரை வாங்கி
புதியதன் முதுகில்
எடையும் தேதியும் எழுதினேன்.
பல்லடத்துக்காரர் போனில் கேட்டார்,
முன்பக்கமா, மேலேயா?

"மேலைங்க" என்றேன்.
"அப்புறம், வருஷத்துக்கு ஒருக்கா
நிறுத்துப் பாக்கோணுங்க."
லைனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கம்ப்யூட்டரையா?" என்றார்.