முதல் செவ்வாய்

அட்டைக்கு ஆயுள் நவம்பரோடு சரி.
புது எண் தராவிட்டால்
விளையாட்டுகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று கடிதம்.
எல்லாம் என்றால் எத்தனை?
ஒஸ்மோ தம்பரேயை விட்டுக் கிளம்பிய மார்ச்சிலிருந்து
அந்தக் கன்சோலை நான் தொட்டதே இல்லை.
மாதா மாதம் காசு மட்டும் போய்க்கொண்டிருந்தது,
நிறுத்தச் சோம்பல்.

ராத்திரி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து
பூட்ஸோடு தரையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன்.
விசிறி இருமிற்று. தூசி கருகும் வாசம்.
திரையில் நூற்றைந்து படங்கள்.

நான் சேர்த்தவை ஒன்பது.
மீன்பிடி ஒன்று, அதில் ஒரு மீனும் மாட்டியதில்லை.
கார்ப் பந்தயம் ஒன்று,
நாள் முழுக்கத் தண்டவாளத்தில் போகிறவளுக்குத்
திருப்பம் வந்தால் ஸ்டியரிங் மறந்துவிடும்.
மிச்சம் தொண்ணூற்றாறு யாருடையவை?

தேதிகளைப் பார்த்தேன்.
மும்மூன்றாக, முப்பத்திரண்டு மாதம்,
எப்போதும் முதல் செவ்வாய்,
நண்பகல் தாண்டிச் சில நிமிடத்தில்.
அந்தந்த மாதம் 'சேர்' என்பதை அமுக்கினால்தான் நிற்கும்;
தவறினால் தவறியதுதான்.
அமுக்கினாலும் சந்தா உள்ளவரைதான் உனது.

என் கடவுச்சொல் இன்னும்
கெமியில் ஒரு கைபேசியில் இருக்கிறது.
பால் வாங்கி வரச் சொன்னால் வெறுங்கையோடு வருபவன்.
என் தங்கையின் கல்யாணத்துக்கு மறுநாள் கோட் தேய்த்தவன்.
மரக்கூழ் ஆலையின் சாப்பாட்டு இடைவேளையில்,
ரொட்டித் துகள் ஒட்டிய கட்டைவிரலால்,
ஒரு மாதம்கூட விடாமல்.
ஒரு வரி எழுதியதில்லை. நானும்தான்.

சொந்தம் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.
விட்டுப்போயிற்று என்றும்
சொல்லிவிட முடியவில்லை.
உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு வந்து
புது அட்டையின் பதினாறு இலக்கங்களை அடித்தேன்,
ஒருமுறை தப்பாக.

டிசம்பர், முதல் செவ்வாய்.
ஹெர்வன்டா கடைசி நிறுத்தம், நான்கு நிமிட ஓய்வு.
பனி பக்கவாட்டில் பெய்கிறது.
பின்னிருக்கையில் ஒருவர் இறங்க மறந்து தூங்குகிறார்.
பன்னிரண்டு அடித்ததும் கைபேசியில் மூன்று படங்கள்:
டிராக்டர், டிராகன், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒன்று.
சேர்.
சேர்.
சேர்.

கதவை மூடி, மணியடித்துக் கிளம்புகிறேன்.
இந்நேரம் ஒஸ்மோ
கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத் திறந்திருப்பான்.
மூன்றின் கீழும் ஒரே வாசகம் இருக்கும்:
ஏற்கெனவே உங்களிடம் உள்ளது.