தீவிரம்: குறைவு

வெல்மிராவில் மழை கீழிருந்து மேலே பெய்யும்.
சாக்கடை மூடிகளின் துளைவழி கிளம்பி
கூரைகளின் அடிவயிற்றை நனைக்கும்.
சனங்கள் குடையைக் காலடியில் விரித்துக்கொண்டு நடப்பார்கள்.
துப்பறிவாளர் ஓர்டனின் முழங்கால்
குடைத்துணிக்குள் புகுந்து வெளியே வந்தது பிழை.
போன கிழமை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு மணிக்கு இருபத்தொரு டாலர்.
பார்க் அவென்யூவில் எண்பதாம் நம்பர் பஸ்,
மைல் எண்டில் இறக்கம், ஐந்தாம் மாடி,
மொன்றியலே தெரியாத அறை.
வேலை, சுவர்களில் மோதுவது.
நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளையும் ஓர்டன் தட்ட வேண்டும்.
அறுபத்தொன்றுதான் திறக்கும்.
மற்றதெல்லாம் கதவு வரைந்த சுவர்.

வழக்கு இதுதான்:
ஒரு நிழலைக் குத்திக் கொன்றுவிட்டார்கள்.
நிழலுக்குச் சொந்தக்காரர் உயிரோடு வந்து
எதிரே உட்கார்ந்து முன்பணம் எண்ணுகிறார்.
விளக்கு வெளிச்சம் அவரைத் தாண்டி
நேரே சுவரில் போய் விழுகிறது.
கத்தி யாருடையது என்று எனக்கு முதல் நாளே தெரியும்.
அறுபது தடவை அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.
ஒவ்வொரு தடவையும் அழுதான், அதே இடத்தில்.

பாலத்தடியில் ஒரு மீன்காரி.
கோப்பில் அவள் பெயர் பெண்_மீன்_07.
அவளுக்கு ஒரேயொரு வசனம்.
பிரெஞ்சில்தான் சொல்வாள்; என் காதில்
"மீன் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று விழும்.
நாற்பது இரவு போனேன்.
நாளை என்ற ஒன்றை அங்கே யாரும் செய்து வைக்கவில்லை.

தை மாதம், விடியப்புறம் மூன்று பத்து.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு.
பாலத்திலிருந்து ஓர்டனைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்
(அதற்கும் சம்பளம் உண்டு).
பதினெட்டாம் தரம்
மீன்கூடைக்குள் இடுப்பளவு புதைந்து நின்றார்.
அவள் தலையைத் திருப்பினாள்.

"நான் பார்த்தனான்.
கத்தி ஒண்டும் இல்லை.
விளக்கைத்தான் அணைச்சவை."

யாரோ எழுதி, யாரோ வெட்டிய பழைய கதை.
எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம்.
குரல் மட்டும் கூடைக்கடியில் ஒட்டிக் கிடந்திருக்கிறது.
அப்படியென்றால்
அறுபது தடவை அழுதவன்?

எத்தியேன் எட்டிப் பார்த்தான், கோப்பியை உறிஞ்சினான்.
"பதிந்துவிடு, மாதுமை. வெள்ளிக்கிழமை பூட்டுகிறோம்."

பதிந்தேன்.
இடம்: பாலத்தடி.
நிகழ்வது: பதினெட்டுக்கு ஒரு முறை.
எதிர்பார்ப்பது: மௌனம்.
நடப்பது: பேசுகிறாள்.
தீவிரம்: குறைவு.

வியாழன் புதுப் பதிப்பு வந்தது.
பதினெட்டுத் தரம் குதித்தேன். பிறகு முப்பத்தாறு.
பிறகு, யாரும் கேட்காமலே, நூறு.
மீன் முடிந்துவிட்டது. நாளைக்கு வரச் சொன்னாள்.
'சரிசெய்யப்பட்டது' என்ற கட்டத்தில்
என் பெயரைத் தட்டினேன்.

மணிக்கூலிக்குச் சாட்சியின் வாயை அடைக்கிற ஆள் ஒருவன்
இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் வருவான்.
கதவோரம் நிற்பான், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு.
ஓர்டன் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில்
ஒப்பந்தக்காரர்களைச் சேர்க்க மாட்டார்களாம்.
நல்லது.
கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டேன்.
பஸ் தரிப்பிடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
உப்புக் கொட்டிய பனியில்
அதன் வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி
நின்றேன்.