நானூறு கஜம்

கான்சஸுக்கும் மிசௌரிக்கும் நடுவே
ஆறு தடச் சாலை.
அந்தப் பக்கம் ஒரு நகரசபை, இந்தப் பக்கம் ஒரு நகரசபை.
என் லாரிக்கு இரண்டும் ஒன்றுதான்.
வாடகையை மணிக்கணக்கில் வாங்குகிறேன்.
மைல் கணக்கில் கேட்டால்
காபிக்குக்கூடத் தேறாது.

காப்பீட்டுக் கம்பெனி. இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலி.
பதினோரு வருடத்துக்கு முன்னால்
இதே நாற்காலிகளைக் கான்சஸ் பக்கம் கொண்டுபோய் இறக்கியவன் நான்.
சிலவற்றின் அடியில்
அன்று ஒட்டிய எண் இன்னும் உரியவில்லை.
அதன் மேலேயே புது எண்ணை ஒட்டினேன்.

இக்கரைக்கு அக்கரை பச்சை.
பத்து வருட வரிவிலக்கு மார்ச்சில் முடிந்தது,
ஏப்ரலில் அக்கரைக்கு இக்கரை.

மிசௌரிப் பக்கத்துக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வேறு காரியமாக:
என் கிடங்கு வாசலில் தெருவிளக்கு எரியவில்லை.
ஆறாவது மனு.
மார்லிஸ் டுகன் தீர்மானத்தைத்
தண்ணீர் குடிக்காமல் ஒரே மூச்சில் வாசித்தாள்.
பன்னிரண்டு வருடத்துக்குச் சொத்துவரி இல்லை.
ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் வரியில் பாதி
கம்பெனிக்கே திரும்பும்.
கார் நிறுத்த இடம், வடிகால், வாசலில் மேப்பிள் கன்றுகள்
எல்லாம் நகரத்தின் செலவு.

ஆர்லன் ப்ரோஹாஸ்கா மட்டும் கை தூக்கினார்.
"எத்தனை புது வேலை?"
"இருநூற்றுப் பன்னிரண்டு."
"அந்த ஜன்னலைத் திறந்தால்
எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே,
அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரா?"
யாரோ சிரித்தார்கள். ஜன்னலை யாரும் திறக்கவில்லை.
ஏழுக்கு ஒன்று. நிறைவேறியது.
என் விளக்கை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

சாமான் ஏற்றும் நாளில்
சம்பளப் பிரிவின் ரோவீனா வோய்ட்
தன் பெட்டிக்குத் தானே நாடா சுற்றினாள்.
"என் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள்.
அது நகரத்துக்குப் போய், முதலாளியிடமே திரும்பி வருகிறது.
நான் என்ன, மாதாமாதம் அவருக்கு மொய் எழுதுகிறேனா?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
பெட்டியை வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது.

வரவேற்பறைச் சுவரில் ஒரு படம்:
அன்றைய கான்சஸ் மேயர், ஆளுயரக் கத்தரிக்கோல், சிவப்பு ரிப்பன்.
படத்தைக் கழற்றினேன். எங்கே வைப்பதென்று கேட்டதற்கு
மேலாளர் குப்பைத்தொட்டியைப் பார்த்தார், சொல்லவில்லை.
அந்தக் கத்தரிக்கோல் இப்போதும் என் லாரியில்தான் இருந்தது,
வாடகைக் கடையில் எடுத்தது.
இரண்டு ஊருக்கும் சேர்த்து அது ஒன்றுதான்.
முனை மழுங்கியது; ரிப்பனை முன்கூட்டியே
லேசாக வெட்டி வைப்பார்கள்.

ஏணி மேலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் தெரியும்.
கூரையில் நீலத் தார்ப்பாய்.
போன முறை வந்தபோதும் அது நீலம்தான்,
இவ்வளவு வெளுத்திருக்கவில்லை.

கடைசி நடை மீன்தொட்டி.
பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு
டாரில் அதை மடியில் வைத்துக்கொண்டான்.
சாலை நடுவில் வண்டிகள் அடைத்துக்கொண்டன.
முன்சக்கரம் மிசௌரியில், பின்சக்கரம் கான்சஸில்,
மஞ்சள் கோடு எங்கள் இருக்கைக்கு அடியில் எங்கேயோ.
ஆரஞ்சு மீன் கண்ணாடியின் ஓர் ஓரத்துக்கு வந்தது,
மறு ஓரத்துக்குப் போனது.
"இதுக்கு எந்த ஊர் வரி?" என்றான் டாரில்.
"கேட்கத் தெரிந்திருந்தால், எதுவும் இல்லை" என்றேன்.
பின்னாலிருந்தவன் ஹார்னை விடாமல் அழுத்தினான்.

இருபத்தேழு வருடமாக என் கிடங்கு
ஓரடி நகரவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அன்று ராத்திரி, கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு,
அந்த வெளிச்சத்தில்
சாவித்துளையைத் தேடினேன்.