எடைக்கல் சோதிப்பவளின் நோட்டு

ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாளன்று
பார்னுவில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
சமையலறை மேசையில் கட்டம் போட்ட நோட்டை விரிப்பேன்.
இருப்பது இடப்பக்கம், தரவேண்டியது வலப்பக்கம்.
கழித்தால் மிஞ்சுவது நான்
என்று இருபத்து மூன்று வயதில் நம்பினேன்.

முதல் பக்கம், 1981:
இருநூற்றுப் பதினாறு ரூபிள்.
ஒரு சைக்கிள், முன்சக்கரம் கோணல்.
மால்லேவுக்குத் தரவேண்டியது பன்னிரண்டு.

சந்தைத் தராசுகளைச் சோதிப்பது என் பிழைப்பு.
மீன் கடை, ரொட்டிக் கடை, தபால் நிலையம்.
வெல்வெட் பெட்டியில் பித்தளைக் கற்கள்;
விரலின் ஈரம் பட்டாலும் எடை கூடும் என்று
பருத்தி உறை மாட்டித்தான் தொடுவேன்.
கற்களுக்குக் காட்டிய அந்த மரியாதையை
பணத்துக்கும் காட்டினேன். அது என் தப்பு.

1992, ஜூன். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசை.
ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபிள், அதற்கு மேல் இல்லை.
பத்துக்கு ஒன்று.
நூற்றைம்பது குரோனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு
மீனவர் ஆர்வெட் சத்தமாகச் சொன்னார்:
"இன்றைக்கு ஒருநாள் ஊரில் எல்லோரும் ஒரே உயரம்."
என் பதினோரு வருட ஏறுமுகம் குப்புற விழுந்ததை
அந்த ஆண்டுப் பக்கத்தில் பென்சிலால்தான் எழுதினேன்.

பிறகு வந்த ஆண்டுகளில்
வேலை செய்த காலத்தை எண்ணி அரசு சீட்டுகள் தந்தது.
சீட்டுகள் இந்த வீடாயின்: மூன்றாம் மாடி, இரண்டு அறை.
என் இளமைக்கு நாற்பத்தெட்டு சதுர மீட்டர்.
ரைனை எந்தப் பக்கம் எழுதுவது என்று
பன்னிரண்டு வருடமாகத் தெளியவில்லை;
அவன் போன ஆண்டு இரண்டு பக்கமும் குறைந்தன.

2007இல் நான் பணக்காரி.
வீட்டு விலை அப்படி ஏறியிருந்தது.
ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன்.
இரண்டே ஆண்டில் பாதிக்குமேல் கரைந்தது.
பூட்ஸ் அதேதான், நடந்த தெருவும் அதேதான்.

அதைவிட வேடிக்கை 2010.
மாலை ஆறு மணிக்குக் கணக்கை முடித்து, கூட்டி, கோடும் போட்டாயிற்று.
நள்ளிரவில் வாணம் வெடிக்கையில் குரோன் செத்து யூரோ பிறந்தது.
மறுபடி உட்கார்ந்தேன்.
பதினைந்து புள்ளி ஆறு நான்கு ஆறு ஆறால் வகுக்க வகுக்க
ஜன்னலுக்கு வெளியே பச்சையும் சிவப்புமாகப் பனி.

ஓய்வு பெற்றபின் வரைபடம் போட ஆசை வந்தது.
எந்த அளவில் போடுவது? ரூபிள் பேசும் மொழி யூரோவுக்குப் புரியாது.
கம்பு ரொட்டியால் அளந்து பார்த்தேன்;
ரொட்டியே சிறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.
கடைசியில் இப்படி அளந்தேன்:
யாரிடமும் கை கட்டி நிற்காமல்
எத்தனை நாள் சாப்பிட முடியும்?
1981இல் ஐந்து வாரம்.
இப்போது பத்தொன்பது வருடம்.
கோடு அழகாக ஏறுகிறது.
அதே தாளில் எனக்கு மிச்சமிருக்கும் வயதையும்
விளையாட்டாக வரைந்தேன்.
அது இறங்கிவந்து
எங்கோ 2016க்கும் 2017க்கும் நடுவில்
முதல் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது.
அந்தப் பக்கத்தைப் புரட்டினால்
"பல் வைத்தியர் 340. பனி அதிகம்."
வேறொன்றும் இல்லை.

2019இல் செய்தித்தாளில் படித்தேன்,
பாரிஸில் இருந்த உலோகக் கல்லுக்கும் ஓய்வாம்,
கிலோவுக்கு இனி வேறு இலக்கணமாம்.
அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை சிரித்தேன்.

மால்லேவின் பன்னிரண்டு இன்னும் வலப்பக்கத்தில் இருக்கிறது.
ஒரு ராத்திரி நான் லெனின்கிராட் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.
ஏன் என்று கேட்காமல்
கையுறைக்குள் மடித்து வைத்து நீட்டினாள்.
மறு வசந்தத்தில் வேறு ஊர்,
பிறகு வேறு பெயர், பிறகு தெரியவில்லை.

பன்னிரண்டு ரூபிள்
ஒன்றேகால் குரோனுக்குச் சற்றுக் கீழே,
அப்புறம் எட்டு சென்ட்.
இன்று மாலையும் அடுத்த பக்கத்துக்கு
எடுத்து எழுதுகிறேன்,
வெறும் கையால்.