பதிலாளர் 43

கேள்வி பதினேழு:
மோர்தானா அணை நிரம்பி வழிந்த இரவில்
வெள்ள எச்சரிக்கை உங்களுக்கு எதன் வழியாக வந்தது?
தொலைக்காட்சி, கைப்பேசி, ஒலிபெருக்கி ஆட்டோ,
அண்டை அயலார், வேறு.
ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.

குடியாத்தத்தில் ஆற்றை ஒட்டிய சந்து.
அஞ்சலாட்சி மடியில் முறம், முறத்தில் பீடி இலை.
நான் கேட்கக் கேட்க வெட்டிக்கொண்டே இருந்தாள்.
ஆயிரம் கட்டினால்தான் அன்றைய கூலி,
முனைவர் பட்டத்துக்காக அது நிற்காது.

"டிவியா, கரண்டே இல்ல.
போனு மகன்கிட்ட. ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போறான்.
ஆட்டோ வந்துச்சாம். இந்தச் சந்துல எங்க நுழையும்?"

அண்டை அயலார்?

"மைமூனா! பேச்சு விட்டு ரெண்டு வருசம்.
சாக்கடைத் தகராறு."

பிறகு எப்படித்தான் தெரிந்தது என்றேன்.

கத்தரி நின்றது.
ஒலிப்பதிவில் ஆறு விநாடி.

"செவுத்துக்கு அந்தாண்ட
அவ கத்தரி ராத்திரி பூரா கேக்கும்.
மக கல்யாணக் கடன், மனுசி தூங்கறதே இல்ல.
அன்னிக்கு நடுவுல நின்னுடுச்சு.
எனக்கு முழிப்பு வந்துது.
காலைக் கீழ வெச்சா தண்ணி."

'வேறு' என்பதில் டிக் செய்தேன்.

மறுநாள் நாற்பத்து நான்கு, மைமூன்.
தண்ணி வந்தது, எழுந்தேன், அவ்வளவுதான் என்றாள்.
நான் செருப்பை மாட்டிய பிறகு
வாசலில் வைத்துச் சொன்னாள்:
"எழுப்பலாம்னு அவ கதவு வரைக்கும் போனேன்.
அதுக்குள்ள உள்ள விளக்கு எரிஞ்சுது.
திரும்பிட்டேன்."

காட்பாடியில், விடுதி அறையில்,
எழுத்தில் இறக்கும்போது மென்பொருள் கேட்டது,
பேச்சில்லாத பகுதிகளை நீக்கலாமா?
வேண்டாம் என்று அழுத்தினேன்.
ரயில் அறிவிப்பு ஜன்னல் வழியாக
மூன்று மொழிகளில் வந்துகொண்டிருந்தது.

யார் யாரோடு பேசுகிறார்கள் என்று
அறுபத்திரண்டு புள்ளிகளும் கோடுகளுமாய் ஒரு படம்.
43க்கும் 44க்கும் நடுவே ஒன்றுமில்லை.
அச்செடுத்த தாளில்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

நெறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதுக்கு டேட்டா எங்கம்மா?"

ஒலிப்பதிவை ஓட்டினேன்.
காதைக் கிட்டே கொண்டுவந்தார்.
மறுபடி ஓட்டச் சொன்னார்.

"ஒண்ணும் கேக்கலையே."

ஆமாம் சார், என்றேன்.